நடைபாதை வந்தது, தண்ணீர் வரவில்லை: அரசு நிதியில் ஒரு குட்டையைச் சீரமைத்த கதை

எங்கள் ஊர் அவிநாசிக்குக் கிழக்கே, பெருந்துறை போகிற வழியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேற்கே 3 ஏக்கர் 40 சென்டில் ஒரு குட்டை. 2022இல் அதைச் சீரமைத்து, கரையில் நடைபாதையும் பிள்ளைகளுக்கு விளையாட இடமும் அமைக்க ‘நமக்கு நாமே’ திட்டத்தில் விண்ணப்பித்தோம். மதிப்பீடு 18 லட்சம். அதில் 6 லட்சம் ஊரார் போட்டது, 12 லட்சம் அரசு தந்தது. வேலை முடிந்தது, திறப்பு விழா நடந்தது, ஆட்கள் நடக்கவும் ஆரம்பித்தார்கள். குட்டையில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. அதைச் சரிசெய்ய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. ஆனால் அதற்கு ஆன செலவு முதல் செலவில் ஒரு சிறு பங்குதான்.

நான் அந்த வேலைக்கு ஊர்க் குழுவில் கணக்குப் பார்த்தவன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு என்பதால் ரசீதுப் புத்தகம் என்னிடம் வந்தது. இப்போது பக்கத்து ஊர்களில் இதேபோல் விண்ணப்பிக்கப் போகிறவர்கள் வந்து விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று ஊரில் கேட்டுக்கொண்டார்கள், அதனால் விட்டுவிட்டேன்.

குட்டை இருந்த நிலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் சீமை இது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் எங்களுக்கு மழை. அதைப் பிடித்து வைக்கத்தான் கொங்கில் ஊருக்கு ஊர் குளமும் குட்டையும் வெட்டினார்கள். எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் குட்டை நிறைந்தால் சுற்றியுள்ள தோட்டங்களில் கிணறு ஊறும், மாட்டுக்குத் தண்ணீர் கிடைக்கும், பொங்கலுக்கு மறுநாள் பூப்பறிக்கப் போகும் பெண்பிள்ளைகள் கரையில்தான் கூடுவார்கள். ஆடி நோன்புக்குக் கரை ஆலமரத்தில் தூரி (ஊஞ்சல்) கட்டுவார்கள். ஊருக்குப் பொழுதுபோக்கு இடம் என்று தனியாக எதுவும் இருந்ததில்லை. எல்லாம் குட்டைக் கரைதான்.

நான் பெரியவனாகி வரும்போது அந்த இடம் முழுக்கச் சீமைக்கருவேலம். தறிப் பட்டறைகளின் கழிவு நூல், கோழிக் கழிவு, பழைய துணி எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. பெண்கள் விடியற்காலையில் நடக்க வேண்டுமென்றால் லாரி போகும் தார்ச்சாலைதான். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் நடக்கச் சொன்ன எங்கள் பெரியம்மாவைச் சாலையில் ஒரு பைக் இடித்துக் கால் முறிந்தது. குட்டைக் கரையில் நடைபாதை வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகுதான் ஊரில் சூடு பிடித்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடைபாதையைக் கேட்டது தவறில்லை. அது உண்மையான தேவை. நாங்கள் செய்த தவறு வேறு இடத்தில் இருந்தது.

விண்ணப்பம்

‘நமக்கு நாமே’ திட்டத்தின் அடிப்படை எளிமையானது. 1990களின் கடைசியில் முதலில் வந்தது. 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021இல் பழைய பெயரிலேயே மறுபடியும் தொடங்கினார்கள். பொது இடத்தில், பொதுச் சொத்தாக அமையும் வேலைக்கு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். நீர்நிலை, பூங்கா, விளையாட்டுத் திடல், மரம் நடுதல் எல்லாவற்றுக்கும் இதில் இடம் உண்டு. பங்குத் தொகையை முதலிலேயே டிடியாக (வங்கி வரைவோலையாக) எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம்தான் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை.

விண்ணப்பிக்கும் முன் குட்டை யாருடையது என்று பார்க்க வேண்டும். இது சாதாரண விஷயம் போலத் தெரியும், ஆனால் பல ஊர்களின் மனு இங்கேதான் மாதக்கணக்கில் சுற்றுகிறது. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி, குளங்கள் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். சிறு குட்டைகள் ஊராட்சியிடம். எங்களுடையது ஊராட்சிக் குட்டை. வி.ஏ.ஓ.விடம், நிலம் யாருடையது என்று காட்டும் அ-பதிவேட்டின் நகலும், அதன் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடமும் வாங்கினோம். 2022இல் கிராமசபையில் தீர்மானம் போட்டோம். முன்பு வருடத்துக்கு நான்காக இருந்த கிராமசபை இப்போது ஆறு. மார்ச் 22ம் நவம்பர் 1ம் புதிதாகச் சேர்ந்தவை. தேதியை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டால் தீர்மானத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பணம் திரட்டியதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தறி வைத்திருப்பவர்கள் பெரிய தொகை தந்தார்கள். திருப்பூர், கோவையில் வேலையில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பினார்கள். மகளிர் குழுக்கள் சேர்ந்து கொடுத்தன. ஒரு பாட்டி ஒரு வெள்ளாட்டுக் குட்டியை விற்ற பணத்தைக் கொண்டுவந்து, “எம்பேர எழுதாத கண்ணு, எம்பேத்தி பேர எழுது” என்றார். வீட்டுக்கு 500 ரூபாய் என்று ஊர் முழுக்க ஒரே வரி வைத்ததுதான் நாங்கள் செய்தவற்றிலேயே நல்ல காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். பெரிய தொகை தந்தவர்கள் நான்கைந்து பேர் மட்டும் என்றால், படிக்கட்டு எந்தப் பக்கம் வர வேண்டும், வழி யார் வீட்டை ஒட்டிப் போக வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். 500 ரூபாய் கொடுத்தவருக்கும் கேட்கும் உரிமை இருந்ததால்தான் காலனிப் பக்கம் ஒரு இறக்கமும் படிக்கட்டும் வந்தன. முதல் வரைபடத்தில் அவை இல்லை. காலனியிலிருந்து வந்த இரண்டு பெண்கள் கிராமசபையில் எழுந்து கேட்டார்கள், சேர்க்க வேண்டியதாயிற்று.

ஒரு சிறு எச்சரிக்கை. எஸ்டிமேட்டின் அடியில் ஜி.எஸ்.டி., தொழிலாளர் நல நிதி, இதர செலவு என்று சில வரிகள் இருக்கும். அதனால் 18 லட்சம் என்றால் 18 லட்சத்துக்கும் கல்லும் மண்ணும் வராது. வசூல் செய்யும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் சொல்லாததால் பிறகு என் கணக்கின் மீதே சிலருக்குச் சந்தேகம் வந்தது. எஸ்டிமேட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கோயில் சுவரில் ஒட்டிய பிறகுதான் அடங்கியது.

எஸ்டிமேட்டில் என்ன இருந்தது

ஓவர்சீயர் வந்து அளந்தார், பத்து நாளில் எஸ்டிமேட் வந்தது. குட்டையைச் சுற்றி முழு வட்டமாகப் பேவர் பிளாக் நடைபாதை. உள்பக்கம் தடுப்புச் சுவர். கம்பி வேலி, சோலார் விளக்கு, சிமென்ட் பெஞ்ச், ஊஞ்சல், சறுக்கு, உடற்பயிற்சிக் கருவிகள், முகப்பு வளைவு. தூர் வாருவதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் சிறு தொகை. குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துப் பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் அப்போது கேட்கத்தான் செய்தேன். “வரத்து வாய்க்கால் இதுல வரலீங்களே சார்?” அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: “வாய்க்கால் சர்வே நம்பர் வேறங்க. தீர்மானம் குட்டை நம்பருக்குத்தான போட்டிருக்கறீங்க? அதுக்குத்தான் நான் எழுத முடியும்.” சரி என்று வந்துவிட்டேன். அந்த ஒரு ‘சரி’க்கு ஊர் கொடுத்த விலை அதிகம்.

அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் இடத்தில் இருந்து பார்த்தால் ஏன் இப்படி எஸ்டிமேட் அமைகிறது என்பது புரியும். பேவர் பிளாக்குக்கு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலில் இருக்கிறது. போட்ட பிறகு யார் எப்போது வந்து அளந்தாலும் அதே அளவுதான் வரும். மண் வேலை அப்படி இல்லை. எடுப்பதற்கு முன் மட்டம், எடுத்த பின் மட்டம் என்று இரண்டும் பதிவாக வேண்டும். நடுவில் ஒரு மழை பெய்து வண்டல் இறங்கிவிட்டால் அளவு மாறிவிடும், தணிக்கையில் கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே அளந்து காட்ட முடிகிற வேலையே எஸ்டிமேட்டில் நிறைகிறது. நீர்நிலை நிதி என்ற பெயரில் வருவது பெரும்பாலும் கரை நிதியாக முடிவதற்குக் காரணம் இதுதான் என்பது என் முடிவு.

ஆனால் மூன்றில் ஒரு பங்கு பணம் கட்டியவர்கள் நாங்கள். மக்கள் பங்கு என்பதை வெறும் ரூபாயாக மட்டும் பார்த்துவிட்டோம். எஸ்டிமேட் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இது வேண்டாம், அது வேண்டும் என்று சொல்வதற்கு அந்த ஆறு லட்சம் எங்களுக்கு உரிமை தந்திருந்தது. நாங்கள் அதைப் பயன்படுத்தவில்லை. டிடி எடுத்துக் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

ஐப்பசி வந்தது

2023 கோடைக்குள் வேலை முடிந்தது. முதல் சில மாதங்கள் ஊரே சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. விடிகாலை ஐந்து மணிக்குப் பெண்கள் கூட்டமாக நடந்தார்கள். தறி ஓட்டிவிட்டு வரும் இளைஞர்கள் சாயங்காலம் கருவிகளில் தொங்கினார்கள். வள்ளி கதையைப் பாடிக்கொண்டே ஆடும் வள்ளி கும்மியைப் பழகும் குழு ஒன்று கரையோரத் திடலுக்கு வந்தது. கொங்கில் வள்ளி கும்மி மறுபடி பரவி வருவது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கலைக்காகக் கோவை மாவட்டத்துப் பெரியவர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் நூறு பேர் வளையமாக நின்று அடி வைக்க ஊரில் திறந்த இடம் வேண்டும். எங்களுக்கு அது கிடைத்தது.

அப்புறம் ஐப்பசி மழை வந்தது. பக்கத்துக் காடுகளில் தண்ணீர் நின்றது, சாலையில் ஓடியது. குட்டையின் நடுவில் ஒரு சேற்றுக் குழி அளவுக்குத்தான் தண்ணீர். கார்த்திகை முடிவதற்குள் அதுவும் வற்றிவிட்டது. பொங்கலுக்குப் பூப்பறிக்க வந்த பிள்ளைகள் தடுப்புச் சுவர் மேல் நின்று உள்ளே முளைத்திருந்த களையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பாட்டி கொடுத்த ஆட்டுக்குட்டிப் பணம்தான் நினைவில் வந்துகொண்டே இருந்தது.

காரணம் இரண்டு. முதலாவது, எங்கள் கண் முன்னாலேயே நடந்தது. குட்டைக்குக் கரை என்பது பள்ளமான பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். எங்களுடையதில் அது கிழக்கு. மேற்குப் பக்கம் திறந்தே கிடக்கும், காட்டிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் பரவலாக இறங்குவது அந்தப் பக்கம்தான். ‘சுற்றி நடக்க வேண்டும்’ என்று நாங்கள் ஆசைப்பட்டதால் மேற்கிலும் மண்ணை உயர்த்தி நடைபாதை போட்டுவிட்டார்கள். அடியில் இரண்டு சிறு குழாய்கள் வைத்தார்கள், முதல் மழையிலேயே சருகும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டன. தண்ணீர் வந்து நடைபாதையில் முட்டி, திரும்பிச் சாலைக்கு ஓடியது. நகரங்களில் ஏரியை அழகுபடுத்தும்போதும் இதே தவறு நடப்பதைப் பிறகு பார்த்தேன். வட்டம் முழுமையானால் ஏரி வெறும் தொட்டியாகிவிடும்.

இரண்டாவது காரணம் ஊருக்கு வெளியே இருந்தது.

பள்ளத்தின் வழியே ஒரு நடை

2024 தை மாதம், குழுவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வரத்துப் பள்ளத்தின் வழியே மேற்கே நடந்தோம். எங்கள் பக்கம் பள்ளம் என்றால் மழைக்கு ஓடும் ஓடை. கையில் புலப்பட வரைபடம், கூட நூறு நாள் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேர். வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று சுத்தமாக ஒரு கோடு போகிறது. தரையில் அந்தக் கோட்டை மூன்று இடத்தில் காணவில்லை. ஓரிடத்தில் தோட்டத்து வேலி உள்ளே வந்திருந்தது. இன்னோரிடத்தில் வீட்டுமனை சைட் போட்டவர்கள் மண் கொட்டிப் பாதை உயர்த்தி, சிறுபாலம் வைக்காமல் விட்டிருந்தார்கள். மூன்றாவது இடத்தில் எங்களுக்கு எதுவுமே புரியவில்லை. அங்கே கூட வந்த ஆத்தா ஒருவர் நின்று, கையிலிருந்த குச்சியால் தரையைத் தட்டினார். “இங்கதான் கண்ணு தண்ணி திரும்பும். கல்லுக்கட்டு ஒன்னு இருந்துச்சு, மண்ணுக்குள்ள கெடக்கும் பாரு.” தோண்டிப் பார்த்தோம். இடுப்பளவு மண்ணுக்கடியில் வரிசையாகக் கற்கள் இருந்தன. தண்ணீரைக் குட்டைப் பக்கம் திருப்ப எப்போதோ கட்டியது.

அந்த ஒரு நாள் நடையை 2022 பிப்ரவரியிலேயே நடந்திருக்க வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாத வேலை அது.

வேலி விஷயம் பேசித் தீர்ந்தது. தோட்டத்துக்காரர் எங்களுக்குப் பங்காளி முறை, அளந்து காட்டியதும் தள்ளிக்கொண்டார். சைட் பாதை அப்படித் தீரவில்லை. தாசில்தாரிடம் மனு, சர்வேயர் அளவை, நோட்டீஸ் என்று நாலு மாதம் போனது. பொதுநிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டோம். கடைசியில் பாதையை வெட்டிச் சிறுபாலம் வைக்க அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பள்ளத்தைத் துப்புரவு செய்தது நூறு நாள் வேலையில் நடந்தது. பாலத்துக்கான செலவில் ஒரு பகுதியை ஊராட்சி தன் மானியத்திலிருந்து போட்டது.

மேற்கு நடைபாதையில் சுமார் 40 அடி நீளத்துக்குக் கல்லைப் பெயர்த்து, தரை மட்டத்துக்கு இறக்கி, கருங்கல் பதித்தோம். மழை வரும்போது தண்ணீர் அதன் மேலேயே போகும், மற்ற நாளில் ஆட்கள் நடக்கலாம். அரசுச் சொத்தில் கை வைக்கிறோம் என்பதால் அதற்கும் தீர்மானமும் அனுமதியும் வாங்கித்தான் செய்தோம்.

தூர் வாரியதற்குச் செலவே இல்லை. வண்டல் மண் எடுக்க முன்பு மாவட்ட அளவில் அலைய வேண்டியிருந்தது. 2024இல் முறையை மாற்றி, தாசில்தார் அனுமதியிலேயே விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். அந்த ஆனி, ஆடியில் சுற்றுவட்டாரத்து டிராக்டர்கள் வந்து வண்டலை அள்ளின. தென்னைக்கும் மஞ்சளுக்கும் போனது. எஸ்டிமேட்டில் ஒரே வரியாக இருந்த வேலை எஸ்டிமேட்டே இல்லாமல் முடிந்தது. ஆனால் ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். கரையோரமாகத் தோண்டினாலோ ஒரே இடத்தில் ஆழமாகக் குழி போட்டாலோ கரையும் போகும், பிள்ளைகளுக்கும் ஆபத்து.

எந்தப் பணம் எதற்கு

இந்த மூன்று வருடத்தில் பல அலுவலகங்கள் ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டது: ‘நீர்நிலைக்கு நிதி’ என்று ஒரு பை கிடையாது. பல பைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி விதி.

ஊராட்சிக்கு வந்த 15ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதம் சுகாதாரம், குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது, மீதி 40 சதவீதம் ஊராட்சியின் விருப்பத்துக்கு. வரத்து வாய்க்கால், சிறுபாலம் போன்றவற்றை மழைநீர் சேகரிப்பின் கீழ் கேட்க முடிந்தது. பெஞ்சையும் ஊஞ்சலையும் அப்படிக் கேட்க முடியவில்லை. நூறு நாள் வேலையில் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதம் இருந்ததால் மண் வேலைக்கு அது பொருந்தியது, கல் வேலைக்குப் பொருந்தவில்லை. 2022 ஏப்ரலில் வந்த அமிர்த நீர்நிலைத் திட்டத்தில் மாவட்டத்துக்கு 75 நீர்நிலைகள் என்று இலக்கு வைத்தார்கள். குறைந்தது ஒரு ஏக்கர் பரப்பும் 10,000 கன மீட்டர் கொள்ளளவும் வேண்டும். அதற்கென்று தனிப் பணம் இல்லை, இருக்கிற திட்டங்களிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்வதுதான். ஆனாலும் பட்டியலில் ஒரு நீர்நிலை இருந்தால் அதிகாரிகளின் கவனம் கிடைக்கும். எங்கள் குட்டையை அதில் சேர்க்கக் கேட்டபோது பட்டியல் முடிந்துவிட்டது. எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி. உடற்பயிற்சிக் கருவி, விளக்கு போன்றவற்றுக்கு அங்கே கேட்பதுதான் எளிது. அதை அங்கே கேட்டிருந்தால் எங்கள் ஆறு லட்சத்தைத் தண்ணீருக்கு வைத்திருக்கலாம்.

நகரத்துக்காரர்களுக்குப் பைகள் பெரியவை. 2021 அக்டோபரில் தொடங்கிய, நகரங்களுக்கான மத்திய அரசுத் திட்டமான அம்ருத்தின் இரண்டாம் கட்டத்தில் நீர்நிலைகளும் பூங்காக்களும் உண்டு. நகர் வனம் திட்டம் 2020 ஜூனில் வந்தது. காடு அழித்ததற்கு ஈடாக வசூலாகும் காம்பா நிதியிலிருந்து ஹெக்டேருக்கு 4 லட்சம் வரை தருகிறார்கள். கோவையில் இருக்கிற என் மச்சான் வீட்டுப் பகுதியில் ரிசர்வ் சைட் ஒன்று கிடக்கிறது. மனைப்பிரிவு போடும்போது பூங்காவுக்கு என்று 10 சதவீதம் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த இடம். முதலில் அந்தப் பத்திரத்தைத் தேடி எடுங்கள் மாப்பிள்ளை, இடம் உள்ளாட்சியின் பெயரில் இருக்கிறதென்று காகிதம் இல்லாமல் எந்தத் திட்டமும் உள்ளே வராது என்றுதான் அவருக்குச் சொன்னேன்.

ஊராரே சேர்ந்து நீர்நிலையைச் செப்பனிடும் குடிமராமத்து 2017இல் மீண்டும் நடந்தபோது பாசன விவசாயிகளின் பங்கு 10 சதவீதம்தான். உழைப்பாகவோ பொருளாகவோ தரலாம் என்றும் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு பணத்தைக் கட்ட முடியாத ஊர்களை நினைத்தால் அந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது. பள்ளத்தில் வெயிலில் நின்று கருவேலம் வெட்டிய பெண்களின் உழைப்பைப் பங்காக எழுத எங்கள் திட்டத்தில் இடமில்லை. இருந்திருக்க வேண்டும்.

பெரிய குளங்களைப் பார்த்துக் கற்றது

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் 100 நகரங்களில் கோவை, சேலம், திருப்பூர், ஈரோடு என நான்கு கொங்கில் இருந்தன. நகருக்கு மத்திய அரசு 500 கோடி, அதற்கு ஈடாக மாநிலம் 500 கோடி என்பது கணக்கு. கோவை 2016 ஜனவரியில் வந்த முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் போன்றவற்றின் கரைகள் அதில்தான் மாறின. இன்றைக்குச் சாயங்காலம் அங்கே போனால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். திறந்த இடத்துக்கு மக்கள் எவ்வளவு ஏங்கிக் கிடந்தார்கள் என்பது புரியும். கரையில் கான்கிரீட் அதிகம், பறவை இறங்கும் சேற்று ஓரம் குறைந்துவிட்டது என்ற வருத்தமும் அங்கேயே கேட்கிறது. இரண்டும் உண்மை என்றே நான் நினைக்கிறேன்.

எங்களுக்கு அதிகம் உதவியது திருப்பூர் நஞ்சராயன் குளம். நல்லாற்றிலிருந்து தண்ணீர் பெறும் குளம், சுமார் 125 ஹெக்டேர். பல வருடமாக உள்ளூர் பறவை ஆர்வலர்கள் அங்கே வந்து எண்ணி, எழுதி, படமெடுத்து வைத்தார்கள். 2022இல் அது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஈரோட்டு வெள்ளோடு அதற்கு முன்பே, 2022இல் ராம்சரில் வந்துவிட்டது. சாயப்பட்டறை ஊரின் ஓரத்தில் இருக்கிற குளம் அந்த நிலைக்கு உயர்ந்ததில் அந்த நோட்டுப் புத்தகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பார்த்து நாங்களும் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தோம். ஞாயிறுதோறும் குட்டையில் என்ன பறவை, எத்தனை, தண்ணீர் எந்தப் படி வரை என்று எழுதுகிறார்கள். ஜனவரியில் மாநிலம் முழுக்க நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்தார்கள். முக்குளிப்பான், நாமக்கோழி, மடையான், நீர்க்காகம் என்று பெயர் சொல்லி எழுதிய அந்த நோட்டின் நகலை இப்போது எந்த மனு கொடுத்தாலும் கூடவே இணைக்கிறோம். அதிகாரிகள் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். எங்கள் மனுவில் அவர்கள் உண்மையில் படிக்கிற பக்கம் அதுதான்.

நிதி முடிந்த பிறகு

பராமரிப்புக்கு யாரும் பணம் தருவதில்லை. இதை ஒவ்வொரு ஊரும் தன் அனுபவத்தில்தான் கற்றுக்கொள்கிறது. ஒரே வருடத்தில் சோலார் விளக்குகள் பாதி அணைந்தன, ஒன்றில் பேட்டரியையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊஞ்சல் சங்கிலி அறுந்து ஒரு பையனுக்குப் பல் உடைந்தது. நடைபாதையில் மண் இறங்கி மேடு பள்ளமானது.

இப்போது மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. குட்டையில் தண்ணீர் நின்றதால் மீன் ஏலம் விட முடிந்தது. அந்த வருமானம் ஊராட்சிக்குத்தான் போகும், ஆனால் அதைக் குட்டைக்கே செலவிட வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் போட்டிருக்கிறோம். கும்மிக் குழுவினர் திடலைப் பயன்படுத்துவதற்குப் பதிலாக வாரம் ஒரு நாள் கரை முழுவதையும் கூட்டுகிறார்கள். மழைக்கு முன், புரட்டாசி முதல் வாரத்தில், பள்ளத்தை ஒரு முறை முழுக்க நடந்து பார்க்கிறோம். இந்த நடைக்கு வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். வராத வீட்டில் கேட்பார்கள்.

அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியபோது 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் குழாயில் போனது. பக்கத்து ஊர்க் குட்டை அதில் உண்டு, எங்களுடையது இல்லை. அன்றைக்கு ஊரில் பலருக்கு வருத்தம். ஆனால் அதே வருடம் ஐப்பசியில் பெய்த மழையில் பள்ளம் ஓடி, அந்தக் கல்லுக்கட்டில் திரும்பி, நடைபாதையின் இறக்கம் வழியே உள்ளே விழுந்தது. இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு நின்று பார்த்தோம். மூன்றாம் நாள் காலை தண்ணீர் காலனிப் படிக்கட்டில் நான்காம் படியைத் தொட்டிருந்தது. குழந்தைகள் நோட்டில் அந்தத் தேதி சிவப்பு மையில் இருக்கிறது.

அடுத்து, குட்டை நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறும் கிழக்குக் கலிங்கைச் செப்பனிட இன்னொரு விண்ணப்பம் தயார் செய்திருக்கிறோம். மதிப்பீடு 5 லட்சத்துக்குள் வரும். இந்த முறை தீர்மானத்தில் குட்டை, வரத்துப் பள்ளம், போக்குவாய்க்கால் மூன்றின் சர்வே எண்களையும் எழுதியிருக்கிறோம். எஸ்டிமேட் போட ஓவர்சீயர் வரும் வெள்ளிக்கிழமை வருகிறார். குச்சியோடு வரச் சொல்லி ஆத்தாவிடமும் சொல்லியாயிற்று.